சும்மா கொடுத்த சத்தம்

அக்கா, கண்டக்டரிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்வீர்களா? பாட்டையே நிறுத்தச் சொல்லவில்லை. இத்தனை பேர் கேட்டுக்கொண்டு வருகிறார்கள், நிறுத்தச் சொல்ல நான் யார். ஒரே ஒரு பாட்டு வந்தால் மட்டும் தள்ளிவிடச் சொல்ல வேண்டும். எந்தப் பாட்டு என்று வரும்போது காட்டுகிறேன். இதுவரை வரவில்லை. ஆனால் வரும். இந்த மூன்று மாதத்தில் அது வராத பஸ்ஸில் நான் ஏறியதில்லை.

நானே கேட்கலாம்தான். எனக்குக் கூச்சம். டிக்கெட் எடுக்கும்போது பார்த்தீர்களே, மதுரை என்று நான் சொன்னது அவருக்குக் கேட்காமல் நீங்கள்தான் எடுத்துச் சொன்னீர்கள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அஞ்சு வருஷமும் நான் 'உள்ளேன் ஐயா' சொன்னது வாத்தியாருக்குக் கேட்டதே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் ஆப்சென்ட்.

பாப்பா காலைப் பார்க்கிறீர்கள். மாவுக்கட்டு. ஐந்து வாரம் ஆகிறது. இன்றைக்குப் பிரிக்கிறார்கள், அதற்குத்தான் மதுரைக்குப் போகிறோம். தூங்கட்டும். கோவில்பட்டியில் ஏறினதுமே தூங்கிவிட்டாள். தூங்கும்போது எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருக்கிறாள், இல்லையா? கண்ணைத் திறந்தால்தான் தெரியும். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. வெயில் அடிக்கிறதா நிழலா என்று மட்டும் தெரியும்.

பேர் கேட்டீர்கள். பேரை நான் சொல்லக்கூடாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது என் மாமியார் பேர். எங்கள் பக்கத்தில் மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவர்கள் பேரைத்தான் வைப்பார்கள். நான் வாக்கப்பட்டு வரும் முன்பே அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்வாளா? அதுவும் 'ஏட்டி, இங்க வா' என்று அந்தப் பேரைச் சேர்த்துக் கூப்பிட முடியுமா? தெருவே கூப்பிடும். பெற்ற நான் மட்டும் கூப்பிட மாட்டேன்.

பாப்பா என்று கூப்பிடலாம்தான். எங்கள் தெருவில் பாப்பா என்றால் பத்துப் பாப்பா திரும்பும். பார்வை உள்ள பிள்ளை திரும்பிப் பார்த்து, ஓ, நம் அம்மா இல்லை என்று தெரிந்துகொள்ளும். இவள் என்ன செய்வாள். அதோடு என் மாமனார், 'பொம்பளை சத்தம் வாசப்படி தாண்டப்படாது' என்று சொல்கிற ஆள். திட்டுகிறவர் இல்லை. நல்ல மனுஷர். ஆனால் சொல்வார்.

அதனால் நான் ஒரு சத்தம் பழக்கினேன். நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தட்டுத் தட்டி, அப்புறம் 'ஊவ்' என்று சின்னதாக ஒரு இழுப்பு. அவ்வளவுதான். இப்போது செய்து காட்ட மாட்டேன், முழித்துவிடுவாள். தவழுகிற வயதிலேயே பிடித்துக்கொண்டாள். வீட்டில் எந்த மூலையிலிருந்து நான் அதைச் செய்தாலும் நேராக வந்து என் முழங்காலில் முட்டுவாள். நடக்க ஆரம்பித்ததும் ஒரு சட்டம் போட்டேன். அம்மா சத்தம் கேட்டால் எழுந்து வா, கேட்காவிட்டால் வைத்த இடத்தில் இரு. ஒரு நாள்கூட அவள் அதை மீறினதில்லை. குழாயடிக்குப் போவேன், ரேஷன் கடைக்குப் போவேன், தீப்பெட்டிக் கம்பெனிக்குத் தீக்குச்சி அடுக்குகிற கட்டை வாங்கப் போவேன். வைத்த இடத்தில் இருப்பாள். கையில் ஒரு சோப்பு டப்பாவைக் கொடுத்தால் போதும், திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பாள்.

சாத்தூர் வந்துவிட்டதா? இல்லையா. சரி.

இதில் என் கொழுந்தன் எப்படி வந்தான் என்று சொல்ல வேண்டும். கார்த்தீசன் என்று பேர். என் வீட்டுக்காரருக்குத் தம்பி. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். தம்பி இன்ஜினியரிங் படித்துவிட்டு சென்னையில் வேலை பார்க்கிறான். வேலை போக மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் பாட்டு அமைக்கிற ஒரு சாஃப்ட்வேர் செய்வதுதான். அதற்கு ஏதோ பறவைப் பேர் வைத்திருக்கிறார்கள். பல நாட்டுப் பையன்களும் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே சேர்ந்து செய்கிறார்கள். செய்துவிட்டு விற்பதில்லை, சும்மா கொடுத்துவிடுவார்கள். கொடுப்பது மட்டுமில்லை, எப்படிச் செய்தோம் என்பதையும் திறந்து வைத்துவிடுவார்களாம், யார் வேண்டுமானாலும் உள்ளே கையை விட்டு மாற்றிக்கொள்ளலாமாம். 'பிறகு உங்களுக்கு என்னய்யா மிச்சம்?' என்று மாமா கேட்டார். 'மனசுதாம்பா' என்றான். 'அதை வச்சு ஒரு டீ வாங்கிட்டு வா பாப்போம்' என்றார்.

அந்த சாஃப்ட்வேரை ஒருவர் இறக்கிக்கொண்டால் அதோடு கூடவே ஒரு மூட்டைச் சத்தமும் வரும். மேளம், மணி, மழை, மோட்டார், நாய், எல்லாம் துண்டு துண்டாக. சாம்பிள் என்பார்கள். காசில்லாத பையன் ஒருவன் வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் போட நினைத்தால் மேளக்காரரைத் தேடிப் போக வேண்டாம், மூட்டையை அவிழ்த்தால் போதும். பிரீசெட் என்று இன்னொன்று. அதை எனக்குக் குழம்புப் பொடி என்று சொல்லிப் புரியவைத்தான். மிளகாய் இவ்வளவு, மல்லி இவ்வளவு என்று முன்கூட்டியே அளந்து அரைத்து வைத்துவிடுவது. எடுக்கிறவன் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சரி.

அந்த மூட்டையில் எல்லாம் வெளிநாட்டுச் சத்தமாக இருக்கிறதே, நம்மூர்ச் சத்தம் கொஞ்சம் சேர்ப்போம் என்று அவனுக்கு ஆசை. லீவில் வந்தவன் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு தீப்பெட்டிக் கம்பெனி, கடலைமிட்டாய் உடைக்கிற இடம், ஆட்டுச் சந்தை என்று அலைந்தான். வீட்டுக்கு வந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான் பாப்பாவைக் கூப்பிட்டதைக் கேட்டுக் கையைத் தட்டில் வைத்துவிட்டான்.

'மதினி, இன்னொரு தடவ.'

'எதுக்கு?'

'இத நான் எங்கயும் கேட்டதில்ல மதினி. இத எனக்குக் குடுங்க.'

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. குடுங்க என்று கேட்கும்படி என்னிடம் என்ன இருந்தது?

உள் அறையில் ஜன்னலுக்குப் போர்வை, கதவுக்கு ஜமுக்காளம், என் தலைக்கு மேல் ஒரு மெத்தை. வெளிச்சத்தம் வரக்கூடாதாம். மெத்தைக்குள் நானும் மைக்கும். முதல் தடவை சத்தமே வரவில்லை. இரண்டாம் தடவை மைக்கில் இடித்துக்கொண்டேன். மூன்றாம் தடவை நான் நாக்கைத் தட்டும் நேரத்தில் வெளியிலிருந்து மாமா, 'ஏலே, மருமகள மெத்தைக்குள்ள வச்சி என்னல அவிக்கிற?' என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடயே 'ஊவ்' என்று முடித்தேன். அப்புறம் இன்னும் ரெண்டு தடவை ஒழுங்காகச் செய்து கொடுத்தேன். ஆனால் அவன் அந்த மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டான். 'இதுலதான் மதினி உயிர் இருக்கு' என்றான். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது.

அது பாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததற்கு முந்தின மாதம். தேதி எல்லாம் குறித்தாகிவிட்டது. அவளுக்கு அப்போது இரண்டரை வயது. பார்வை வந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கலர் கலராக நாலு பாவாடைகூட எடுத்து வைத்திருந்தேன். அதை விடுங்கள். வரவில்லை. அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது கையெழுத்து. என்னை ஏமாற்றி வாங்கினான் என்று நினைத்துவிடாதீர்கள், அவன் அப்படிப்பட்டவன் இல்லை. இங்கிலீஷில் ஒரு தாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். 'மதினி, இத உலகத்துல யாரு வேணா எடுத்துக்கலாம். எதுக்கு வேணா வச்சுக்கலாம். வெட்டலாம், ஒட்டலாம், விக்கக்கூடச் செய்யலாம். உங்கட்டக் கேக்க மாட்டாங்க, காசு தர மாட்டாங்க. சம்மதமா?'

'தண்ணிப் பந்தல் மாதிரியா?' என்று கேட்டேன்.

'அதேதான் மதினி. அதேதான்.'

எனக்கு நன்றாகப் புரிந்தது. சித்திரை வெயிலில் பானை வைத்தால், குடிக்கிறவனிடம் நீ யார், குடித்துவிட்டு எங்கே போகிறாய் என்று கேட்போமா. அதோடு நான் மனதில் இன்னொன்று நினைத்தேன், அவனிடம் சொல்லவில்லை. நாலு பேருக்குச் சும்மா கொடுக்கிற புண்ணியம் பாப்பா கண்ணுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். எங்களால் அன்னதானம் போட முடியுமா? இருந்தது இந்தச் சத்தம்தான். சாமி படத்துக்கு முன்னால் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். தங்கமாரி என்று முழுசாக.

அந்த வைபவத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லேப்டாப்பில் என் சத்தத்துக்கு என் பேரையே வைத்துவிட்டான். குழம்புப் பொடி சொன்னேனே, அதில் ஒன்றுக்கும் தங்கமாரி என்று பேர். பியானோக் கட்டைகளில் என் சத்தத்தை ஏற்றிவிட்டான். மேல் கட்டையை அழுத்தினால் நான் எலிக்குஞ்சு மாதிரி. கீழ்க் கட்டையை அழுத்தினால் இன்ஸ்பெக்டர் மாதிரி. பக்கத்து வீட்டு முத்துலட்சுமி மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். 'தங்கமாரி, ஒரு நாளாச்சும் இந்தக் குரல்ல உன் மாமனார்கிட்டப் பேசிப் பாருட்டி' என்றாள்.

அப்புறம் ஒன்றரை வருஷம் ஒன்றும் இல்லை. எப்போதாவது போன் பண்ணுவான். 'மதினி, ஏதோ ஒரு குளிர் நாட்டுல ஒருத்தன் உங்க சத்தத்தை வச்சு லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் பண்ணிருக்கான்.' எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆபரேஷன் அப்படி ஆகிவிட்ட பிறகு வேறு எதைப் பெருமைப்பட. நான் லிஃப்டில் ஏறினதே இல்லை. என் சத்தம் திறக்கிறது.

அப்புறம்தான் இந்தப் பாட்டு.

யார் போட்டார்கள், என்ன படம் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் மேலும் தப்பில்லை. பந்தலில் வந்து குடித்தார்கள். நாலு அடி அடிக்கும், அப்புறம் நான். நாலு அடி, அப்புறம் நான். ஒரு பாட்டில் நாற்பத்தெட்டு தடவை, எண்ணிவிட்டேன். முதலில் கேட்டபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். டீக்கடைப் பக்கமிருந்து வந்தது. யாரோ என் பிள்ளையைக் கூப்பிடுகிறார்களே என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்க்கிறேன், நடுவீட்டில் இருந்த பாப்பா எழுந்து வாசல் பக்கம் நடக்கிறாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுத்துவிட்டு, மறுபடியும் வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

மாமா கதையைக் கேளுங்கள். அவருக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. டீக்கடையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, 'இந்தக் காலத்துலயும் நல்லாத்தான் போடுறானுவடே' என்று சொல்லியிருக்கிறார். அது மருமகள் சத்தம் என்று முத்துலட்சுமி மதினி போய்ச் சொன்னபிறகு ஒரு வாரம் டீக்கடைக்கே போகவில்லை. வாசல்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கார்த்தீசனுக்குப் போன் பண்ணினேன். நானாகப் போன் பண்ணியது அதுதான் முதல் தடவை. 'தம்பி, அத எடுத்திருங்க' என்றேன்.

'எங்கிருந்து மதினி எடுக்க?'

'போட்ட இடத்துல இருந்து.'

அதற்கு அவன், 'நீங்கதான மதினி சொன்னீங்க, தண்ணிப் பந்தல்னு. குடிச்சுட்டுப் போனவங்க வயித்துல இருந்து எப்படி எடுக்க?' என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. அழுகிற மாதிரி சொன்னான். ஆனாலும் அந்த சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு எழுதினான். அதைப் பார்த்துக்கொள்கிற ஒரு வெளிநாட்டு அம்மா உடனே பதில் போட்டார்கள். நல்ல மாதிரி. மன்னிப்பெல்லாம் கேட்டிருந்தார்கள். பாப்பா பேரைக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் நான் சொல்லவில்லை. அடுத்து வெளியிடுகிற மூட்டையில் என் சத்தம் இருக்காது, எடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே போன மூட்டைகள் போனதுதான். எத்தனை போயிருக்கும் என்று கேட்டேன். லட்சக்கணக்கில் என்றான். அதை எடுத்தவர்கள் வேறு மூட்டைகளில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள், அதற்கும் சம்மதம் தாளில் இருக்கிறது. யார் மேலும் தப்பில்லை. தப்பிருந்தால் போய்ச் சண்டை போடலாம். எனக்குச் சண்டை போடத் தெரியாது, முத்துலட்சுமி மதினியைக் கூட்டிக்கொண்டாவது போகலாம். தப்பில்லாத இடத்தில் யாரிடம் போய் நிற்பது.

இன்னொரு பயமும் இருந்தது. தானமாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டுவிட்டேனே. பாப்பா கண்ணுக்கு என்று வேண்டிக் கொடுத்தது. கொடுத்தும் வரவில்லை, கேட்டும் வரவில்லை.

இது விருதுநகரா? இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது. உங்களுக்கு அலுப்பாக இல்லையே? நான் இவ்வளவு பேச மாட்டேன்.

சத்தத்தை மாற்றலாம் என்று பார்த்தேன். கை தட்டினேன். 'யாரும்மா கைதட்டுறா?' என்றாள். கரண்டியால் தட்டில் தட்டினேன். சாப்பாடு என்று நினைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். திருவிழாக் கடையில் ஒரு விசில் வாங்கி ஊதினேன். 'பஸ் நின்னுருச்சு' என்றாள். மாமா மறுபடி டீக்கடைக்குப் போக ஆரம்பித்திருந்தார். அவரே ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு, 'யம்மா, பேரச் சொல்லியே கூப்பிடு. அவ ஒண்ணும் நினைக்க மாட்டா' என்று படத்தைக் காட்டினார். அவர் சொன்னதே பெரிசு. ஆனால் வாய் வர வேண்டுமே. படத்துக்கு முன்னால் நின்று பார்த்தேன். முதல் எழுத்துவரைக்கும் வரும். அப்புறம் உதடு ஒட்டிக்கொள்ளும். எனவே பழைய சத்தத்திலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அழுத்திக் கூப்பிட்டால் வித்தியாசம் தெரியும் என்று அழுத்திக் கூப்பிட்டேன். 'முன்ன பிள்ளையக் கூப்பிடுற மாதிரி இருக்கும், இப்ப கோழிய விரட்டுற மாதிரி இருக்கு' என்றார் மாமா. அவருக்கு வரவரக் காது சரியில்லை.

பங்குனித் திருவிழாவில் பால்குடம் வருகிற நாள். காலை பத்து மணி இருக்கும். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாப்பாவை ரேஷன் கடைப் படியில் உட்காரவைத்து, சோப்பு டப்பாவைக் கொடுத்து, 'அம்மா சத்தம் கேட்டாத்தான் எந்திரிக்கணும்' என்று சொல்லிவிட்டுப் போனேன். குழாய்க்கும் படிக்கும் பத்து வீடு தூரம். எனக்கு முன்னால் ஏழு குடம்.

தெரு முனையில் குட்டி யானை வண்டி, அதுதான், சின்ன லோடு வண்டி, அதில் ஆள் உயரம் ஸ்பீக்கர் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். அம்மன் பாட்டுத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். இளவட்டங்கள் கேட்டு மாற்றியிருப்பார்கள். நாலு அடி, அப்புறம் நான்.

குடத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். பாப்பா எழுந்துவிட்டாள். எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்டு நடக்கிறாள். நேராக வண்டியைப் பார்த்து. நின்றிருந்த வண்டி இப்போது ரிவர்ஸில் வருகிறது. நானும் நாக்கைத் தட்டினேன். ஸ்பீக்கருக்கு முன்னால் என் நாக்கு எம்மாத்திரம். அங்கேயும் நான்தான் கூப்பிடுகிறேன், இங்கேயும் நான்தான் கூப்பிடுகிறேன். அவள் சத்தம் பெரிதாக இருக்கிற பக்கம் போகிறாள்.

அப்போது பேரைச் சொல்லிக் கத்தினேன் அக்கா. வாய் வந்துவிட்டது. மாமியார் பேரை, தெருவில், சாமி புறப்பாட்டில், தொண்டை கிழிய. குழாயடியே திரும்பிப் பார்த்தது.

அவள் திரும்பவில்லை. எப்படித் திரும்புவாள்? அந்தப் பேரை என் குரலில் அவள் கேட்டதே கிடையாது. யாரோ ஒரு பொம்பளை யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பாள்.

பஞ்சுமிட்டாய்க்காரர் ஒருவர்தான் சடையைப் பிடித்து இழுத்தார். முழுசாக இழுப்பதற்குள் இந்தக் கால் மேல் சக்கரம் ஏறி இறங்கிவிட்டது. டிரைவர் சின்னப் பையன், இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் மேலும் தப்பில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. ரத்தத்தைத் துடைக்கத் துடைக்க என் தலைக்கு மேலே நான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கார்த்தீசன் ஓடி வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றான். உள்ளே வரவில்லை. அவனுடைய கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டானாம். அவனிடம் இருந்ததை அழித்து என்ன. அப்புறம் ஊருக்கு வரவே இல்லை. வீட்டுக்காரர் லாரியிலிருந்து போன் பண்ணினார். 'பிள்ளைய நீ பாத்துக்கிட மாட்டியா' என்று ஒரு வார்த்தை. பார்த்துக்கொள்ளத்தான் அந்தச் சத்தமே.

மூன்றாம் நாள் பாப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். நீங்களே கேளுங்கள் இதை.

'ஏன்டி எந்திரிச்ச? அம்மா கூப்பிடலையே.'

'அம்மா கூப்பிட்டுச்சு.'

'அது நான் இல்லடி. அது பாட்டுப் பெட்டி.'

'தெரியும்.'

'தெரிஞ்சுமா போன?'

டப்பாவைத் திறந்தாள், மூடினாள். 'அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே கூப்பிடுது' என்றாள்.

பிள்ளைப் பேச்சைப் பாருங்கள். பெட்டி சிரிக்குமா? மருந்து மயக்கம் என்று நர்ஸம்மா சொன்னார்கள். அப்படித்தான் இருக்கும். நானும் அவளை ஒருநாளும் அடித்ததில்லை, திட்டினதில்லை. எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிடுகிறேன். நீங்கள் வந்து எங்கள் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தால் சொல்வீர்கள்.

கட்டுப் பிரித்தால் நடக்க ஆரம்பித்துவிடுவாள். அதுதான் இப்போது பயம். ஐந்து வாரமாகக் கட்டிலில் இருந்தாள், எனக்கும் தூக்கம் வந்தது. இனிமேல் ஊரில் உள்ள ஒவ்வொரு கல்யாண வீடும், ஒவ்வொரு டீக்கடையும், ஒவ்வொரு ஆட்டோவும் அவளைக் கூப்பிடும். எத்தனை பேரிடம் போய் நிறுத்துங்கள் என்று நான் கேட்க முடியும். எனக்கோ கூச்சம். அதனால்தான் உங்களைப் பார்த்ததும் கேட்டேன். முகத்தைப் பார்த்தால் டீச்சரம்மா மாதிரி இருந்தீர்கள். நீங்கள் சொன்னால் கண்டக்டர் கேட்பார். இந்த ஒரு பஸ்ஸில் ஒரு தடவை.

திருமங்கலம் தாண்டிவிட்டோம். இன்றைக்கு வராமலே போய்விடும்போல...

வந்துவிட்டது.

இதுதான். இந்த அடிதான் அக்கா. இன்னும் இரண்டு அடி. இப்போது கேட்டீர்களா? அது நான்தான்.

முழித்துவிட்டாள். பாருங்கள், நான் சொன்னேனே. ஐந்து வாரமாக ஊசிக்கும் மாத்திரைக்கும் உம்மென்று இருந்த முகம். வாயைப் பாருங்கள் எப்படி விரிகிறது என்று. டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற ஸ்பீக்கரைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள். எட்டுகிற தூரமா அது.

இருங்கள் அக்கா. எழுந்திருக்காதீர்கள். கண்டக்டரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நாலு நிமிஷப் பாட்டுத்தான். காலில் கட்டு இருக்கிறது, எங்கேயும் போக மாட்டாள். நான் இறுக்கித்தான் பிடித்திருக்கிறேன்.

நான் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

கேட்டதா உங்களுக்கு? நன்றாகத்தானே கூப்பிட்டேன்? அவளுக்கும் கேட்டது. கேட்டுவிட்டு என் வாயை உள்ளங்கையால் பொத்துகிறாள் பாருங்கள்.

'இரும்மா. அம்மா கூப்பிடுது' என்கிறாள்.